லியோங் மோ போட்ட லோரிக்காரர்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ரசத்துக்குக் குழி வெட்டும் நேரத்தில் போன் வந்தது. “அங்கிள், அப்பா தவறிட்டாங்க,” என்றார் சாமியின் மகள். இலையை மடித்துவிட்டேன். நான் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்ததை அந்தக் கடை அதற்குமுன் கண்டதில்லை.

ஆரோக்கியசாமி அவர்கள் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர். கிள்ளானில் செடி வளர்த்து விற்கும் ஒரு தோட்டத்தில் என்னோடு லோரி ஓட்டியவர். சிலாங்கூரில் லோரி ஓட்டுவதில் நான் முதல், சாமி எனக்கு அடுத்தபடி. ஆனால் முதலாளியம்மா, ஹக்கா சீனர், அவரை மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை, “ஹோய், லோரி!” இத்தனைக்கும் எனக்கு ஆறு சீன மொழி தெரியும்.

எல்லாம் ஒரு தொப்பியால் வந்தது. அகலமான மூங்கில் தட்டு, நடுவில் கொண்டைக்கு ஓட்டை, ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் துணி. அது இல்லாமல் முதலாளியம்மா வெயிலில் இறங்கமாட்டார். சாமி பக்கத்தில் போய் அதன் பெயரைக் கேட்டார். “லியோங் மோ,” என்றார் அம்மா. லியோங் என்றால் குளிர்ச்சி, மோ என்றால் தொப்பி. வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்களுக்கு அந்தத் துணி நிழல் தரும், காற்றில் ஆடி விசிறும், ஈயை விரட்டும் என்று மலாயில் விளக்கினார். நானும்தான் அங்கே நின்றேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒருநாள் செடி ஏற்றும்போது சாமிக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மா தம் தொப்பியைக் கழற்றி நீட்டினார். “பனாஸ் லா, சாமி! பாக்காய்!” வெயிலாம், போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

சாமி அதைப் போட்டுக்கொண்டே ஷா ஆலம்வரை ஓட்டினார். மீசைக்கு மேலே கறுப்புத் திரை. சிக்னலில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் கத்தினான்: “அண்ணே, கல்யாணப் பொண்ணா?”

“ஆமாப்பா. மாப்பிள்ளை இந்தா உக்காந்திருக்காரு,” என்று என்னைக் காட்டினார். பிறகு, “குளுகுளுன்னு இருக்குண்ணே. நீங்களும் அன்னிக்கு அது பேரைக் கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

கேட்பதா? மறுநாள் நான் அம்மாவின் கண்ணெதிரே மயங்கி விழுந்தேன். மலேசியாவிலேயே அப்படியொரு மயக்கம் எவருக்கும் வந்ததில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வாளித் தண்ணீர்.

சாமியின் அடக்கத்துக்கு முதலாளியம்மா வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். திரும்பும்போது மழை பெய்ததால், கிள்ளானில் வீட்டில் விட நானே காரில் ஏற்றிக்கொண்டேன். கண்மூடி இருந்தவர், பங்சாரைத் தாண்டும்போது மெல்லச் சொன்னார்: “சாமி, பெலான்-பெலான்.” மெதுவாகப் போகச் சொல்கிறார்.

நான் திருத்தவில்லை. “சரிங்க ஆன்டி,” என்று வேகத்தைக் குறைத்தேன்.

சாமி, இறந்த பிறகும் என் சீட்டில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிள்ளான் வரும்வரை உங்கள் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். கோபிக்காமல் போய் வாருங்கள்.