பாதி கிளாஸ்

படப்பிடிப்பில் எல்லோரும் அவளை நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காட்சியை நாலு தடவை எடுத்தால், நாலிலும் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது என்று நோட்டில் குறித்துவைத்து, எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினைந்து வருஷமாக ஊரார் படங்களுக்குச் செய்ததை இப்போது தம்பி இயக்கும் படத்துக்குச் செய்தாள்.

பாதியில் நின்ற இரண்டைக் கழித்துவிட்டால், தம்பிக்கு இது முதல் படம். இரண்டும் நின்றது அவன் குடியால். அவன் குடிப்பதைத் தயாரிப்பாளர்களிடம் போய்ச் சொன்னவள் இவளேதான். படம் நின்றதே தவிர, குடி நிற்கவில்லை. இப்போது குடியை விட்டு எட்டு மாதம்.

குடிகாரன் வேஷத்துக்குப் பேசிவைத்த நடிகர் கடைசி நேரத்தில் கைவிரித்தார். "நானே பண்றேன். இருபது வருஷமா ஒத்திகை பாத்திருக்கேனே" என்று தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிலில் கடுந்தேநீரைத் தன் கையாலேயே நிரப்பிவைத்தாள்.

கடைசி நாள். சமையலறையில் உட்கார்ந்து குடித்தபடி அவன் அழ வேண்டும். முதல் ஷாட் முடிந்ததும், மறுபடி பாதி அளவுக்கு நிரப்ப கிளாஸை எடுத்தாள். குப்பென்று சாராய வாடை அடித்தது. பாட்டிலை மோந்து பார்த்தாள். அதிலும் அதேதான். ஒத்திகைக்கென்று காலையில் அவன் அதைக் கேட்டு வாங்கிப் போயிருந்தான்.

"எத்தனை நாளா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாலு நாள். டீயக் குடிச்சா அழுகை வரலக்கா."

"பொய் மட்டும் தடங்கலில்லாம வருது."

"இன்னும் ரெண்டு ஷாட்டு. முடிச்ச கையோட நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன். இதுவும் நின்னுச்சுன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்கா."

கேமராக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "வெளிச்சம் போகுது நோட்டக்கா. ஏதாச்சும் மாறிருக்கா?"

ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றுவிடும். அவள் நோட்டைப் பார்த்தாள். தம்பியின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் மாறல" என்றாள். அந்தப் பாட்டிலிலிருந்தே ஊற்றினாள். சரியாகப் பாதி கிளாஸ்.

அவன் அழுத அழுகையில் விளக்குப் பிடித்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்தது. கைதட்டினார்கள், சாமான்களைக் கட்டினார்கள், போனார்கள்.

அவள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அவன் அதே நாற்காலியில் இருந்தான். பாட்டில் காலி.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குப் போலாம்கா."

"இன்னைக்குன்னு சொன்ன."

"நீயே ஊத்திக் குடுத்துட்டு, நீயே கூப்பிடுறியே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.