ஆயம்மா எழுதியது ஆவணமா?

கலஹாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்த அந்தப் பெண், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐம்பது வயதிருக்கும். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த அலுவலகத்தில், இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறந்தபோது யாரும் பதியவில்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“நான் இந்த மலைய விட்டு எங்கயும் போனதில்ல மிஸ். எங்க பொறந்தேன்னு கேக்குறாங்க.”

நான் நீதிமன்றத்தில் வாதாடுகிறவள் அல்ல. சாட்சியச் சட்டம் கற்பிக்கும் விரிவுரையாளர். அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

“சின்ன வயசுல உங்களப் பத்தி யாராவது எங்கயாவது எழுதி வச்சாங்களா?”

யோசித்தார். “பிள்ளைக்காம்பராவுல ஆயம்மா எழுதுவாங்க.”

தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை ஆயம்மாவின் பராமரிப்பில் விட்டுச்செல்லும் இடம் அது. மறு சனிக்கிழமை இருவரும் போனோம். அலுமாரியின் அடித்தட்டில், ஓரங்களைக் கரையான் தின்ற பதிவேடுகள். மூன்றாவதில் அவர் இருந்தார்: தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருந்த லயத்து வீட்டின் இலக்கம், பிறந்த தேதி, எல்லாம் பென்சிலில். எழுதிய ஆயம்மா இறந்து பல வருடம்.

இறந்துபோன ஒருவர் தம் அன்றாடக் கடமையில் எழுதிவைத்த குறிப்பைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வருடா வருடம் வகுப்பில் அதை விளக்கியிருக்கிறேன். டாக்டரும் குமாஸ்தாவும்தான் என் உதாரணங்கள். ஓர் ஆயம்மா என் நினைவுக்கு வந்ததேயில்லை. அந்த வெட்கத்தோடு ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதினேன். முதலில் அனுப்பிய சஞ்சிகை, இது சட்ட ஆய்வு அல்ல, சமூக சேவை என்று திருப்பியது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரியும் மாற்றாமல் இன்னொன்றுக்கு அனுப்பினேன். அச்சிட்டார்கள்.

கண்டியில் சட்டத்தரணியாக இருந்த என் பழைய மாணவி, அவர் பிறப்பைப் பதியக் கோரும் வழக்கை எடுத்தாள். கெலிஓயாக்காரி, பயமறியாதவள். “மிஸ், நீங்க பின்னால உக்காந்திருந்தா போதும்” என்றாள்.

எதிர்த்தரப்பான பதிவுத் திணைக்களத்தின் சட்டத்தரணி பதிவேட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். தொட்டில் ஆட்டுகிறவள் கிறுக்கியதெல்லாம் ஆவணமா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். என் மாணவி சிரிக்கவில்லை. கட்டுரையை நீதிபதியிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அங்கேயே வாசிக்கத் தொடங்கினார். பின்வரிசையில் இருந்தபடி அவர் புரட்டிய பக்கங்களை எண்ணினேன்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. நீதிபதி சிங்களத்தில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “எழுதினவருடைய உத்தியோகம் எவ்வளவு பெரிசு என்று சட்டம் கேட்கவில்லை. அது அவருடைய கடமையா என்றுதான் கேட்கிறது.” அது என் கட்டுரையின் வரி. பதிவேடு சாட்சியமாக ஏற்கப்பட்டது. அவர் பிறப்பைப் பதியும்படி உத்தரவு.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம பக்கமா மிஸ்?”

“நம்ம பக்கந்தான்.”

“அப்ப இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வராந்தாவில் நின்று, முழுவதையும் மறுபடி அவருக்காகச் சொன்னார்.

அந்த வருடத்துக்குள் கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பதிவேடுகளைப் பிரதியெடுத்துக் கொடுக்கவே என் மாணவர்களில் நால்வர் தேவைப்பட்டார்கள். எந்தப் பழைய பதிவேட்டையும் எரிக்க வேண்டாமென்று தோட்டம் தோட்டமாகச் சொல்லி வந்தோம். பிறகு பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, என் கட்டுரைகளின் பட்டியலில் இதைத்தான் முதலாவதாக எழுதினேன். நியமனக் கடிதம் வந்த அன்று அறைக் கதவைச் சாத்தாமலே உரக்கச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள்.