தேய்த்துக் கழுவிய கால்

இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவத் தேர்ந்தெடுக்கப்படும் பன்னிரண்டு பேரும், எங்கள் ஆவூரில், வீட்டிலேயே ஒரு தடவை கழுவிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்கள். சாமியார் குனிந்து முத்தமிடும் கால் அழுக்காக இருந்தால் மானம் போய்விடுமே! அந்த வருடம் கோயில் உபதேசியார் என்னையும் சேர்த்திருந்தார். மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கட்டிலில் அண்ணன் கிடந்தார். சுகர்காரர். துபாயில் டிரைவர் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர், கடைசியில் வலது காலில் ஆறாத புண்ணோடு வந்து இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை விட்டால் அவருக்கு யாருமில்லை. புதுக்கோட்டை டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "தினமும் கட்டைப் பிரிச்சுக் கழுவி மருந்து வைங்க. விட்டுட்டீங்கன்னா கால் தங்காது."

விட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கட்டைப் பிரித்ததும் எழும் நாற்றத்தில் எனக்குக் குடலைப் புரட்டும். வாசலுக்கு ஓடி வாந்தி எடுப்பேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலாகத் துடைத்துவிட்டுப் புதுத் துணியைச் சுற்றிவிடுவேன். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம், கடவுளின் அன்பு நம் கை வழியாகத்தான் அடுத்தவரைத் தொடும் என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான். தவக்காலம் முழுக்க முழந்தாளிட்டுக் கெஞ்சினேன். ஆண்டவரே, அந்த அன்பில் ஒரு துளி தாரும், இல்லாவிட்டால் என் மூக்கையாவது அடைத்துவிடும். இரண்டும் கிடைக்கவில்லை. அண்ணன்மேல் எரிச்சலும் என்மேல் வெறுப்பும்தான் வளர்ந்தன.

கழுவிவிட்டு உள்ளே வந்ததும் அண்ணன் என் காலைப் பார்த்தார். "நல்லாத் தேச்சியாடா? சாமியாருக்கு நாறிடப் போவுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசையில் சாமியார் என் பாதத்தில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். சோப்பு மணந்தது. அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நற்கருணைக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து, தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். அன்பு ஒன்றும் பொங்கிவிடவில்லை, பயம்தான் இருந்தது. விரல்கள் கறுத்துப்போய், கறுப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. அழுதுகொண்டே கழுவினேன். மரத்துப்போன கால், அவருக்கு வலி தெரியவில்லை. "முடிஞ்சிருச்சாடா?" என்று மட்டும் கேட்டார்.

ஈஸ்டருக்கு மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் காலடியில் நின்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நான் தெனமும் கழுவலண்ணே. ஏமாத்திட்டேன்."

"தெரியும்டா. நீ வாசல்ல வாந்தி எடுக்குறது எனக்குக் கேக்கும். ஒன்ன வதைக்க மனசு வரல. அதான் கழுவச் சொல்லல."

தவக்காலம் முழுக்க நான் ஆண்டவரிடம் கெஞ்சிய அன்பு என் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்திருக்கிறது. அதன் கட்டைப் பிரிக்கத்தான் எனக்குக் குமட்டியது.