பனியனுக்குள் போன பட்டம்

1997 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கினேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கல்லூரியில் இரண்டு வகுப்புகள் எடுத்தேன். திரும்பும் வழியில் புதுப் பனியன் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அது வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. உள்ளே அட்டை இல்லை.

"அட்டையே வைக்கவில்லையே" என்றேன்.

"உங்களுக்குப் பனியன் வேணுங்களா, அட்டை வேணுங்களா?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் புதுப் பருத்தியும் சலவை நீலமும் கலந்த வாசனை மூக்கில் ஏறி, என்னை எங்கள் ஊர்ப் பழைய வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அந்தக் கூடம்தான் எங்கள் பனியன் கம்பெனி. அப்பா துணி வெட்டுவார், இரண்டு மிஷின்களில் தையல் நடக்கும், அண்ணி மடித்துப் பெட்டியில் போடுவார். மடிப்பில் அப்பாவுக்குத் தனிப் பிடிவாதம். ஒவ்வொரு பனியனுக்குள்ளும் ஓர் அட்டை, அதன்மேல் நெஞ்சுப்பக்கம் சுருக்கமில்லாமல் நிற்க வேண்டும். "கல்கத்தாக்காரன் மொதல்ல பாக்கறது மடிப்பத்தான். துணியெல்லாம் அப்பறம்" என்பார். வீட்டில் காப்பி டம்ளர் வைக்கக்கூட இடமிருக்காது, எங்கும் அட்டை. பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு விசிறியும் அதுதான்.

எழுபத்திரண்டில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்.டி.யில் சேர மெட்ராசுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வெளுத்த பருத்தித்துணி நாளாக நாளாக ஏன் மஞ்சளாகிறது என்று ஆராய எனக்கு ஆசை. வீட்டில் அந்த ஆசைக்குப் பெரிய மதிப்பில்லை.

"மஞ்சளானா மறுபடி வெளுத்துட்டாப் போச்சு. அதுக்கு மெட்ராஸ் போகோணுமா கண்ணு?" என்றார் அப்பா.

"படிச்சு முடிச்சா டாக்டருங்களாம் மாமா" என்றார் அண்ணி.

"ஊசி போடுவானா?"

"அதெல்லாம் போட மாட்டாருங்களாம்."

"அப்பறம் என்ன டாக்டரு!"

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இருந்தது ஒரே ஓர் இடம். மூலச் சான்றிதழ் கொண்டுவராதவர்கள் உள்ளே வரவே வேண்டாம் என்று கீழே கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

நான் ஒழுங்குக்காரன். முனை மடங்கிவிடக் கூடாதே என்று, புறப்படுவதற்கு முந்தின நாள் பட்டச் சான்றிதழை இரண்டு பனியன் அட்டைகளுக்கு நடுவில் வைத்து மேஜையோரம் பத்திரப்படுத்தினேன். பனியன் கம்பெனியில் அட்டையைப் பத்திரப்படுத்துவது, கல்யாண வீட்டில் வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப்போவதைப் போன்றது என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் மேஜை காலி.

"அண்ணி, இங்கிருந்த அட்டை?"

"கடைசிப் பெட்டிக்கு அட்டை கொறஞ்சுதுங்க தம்பி. நல்லவேளை, அங்க ரெண்டு கெடந்துச்சு" என்று சிரித்தார். ஈரக்காற்றில் சான்றிதழ் ஓர் அட்டையோடு ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். சரக்கு சாக்கு மூட்டையாகத் தைக்கப்பட்டு, கல்கத்தாவுக்குப் போக ஸ்டேஷனுக்கும் சென்றுவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணி மணையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கோணி ஊசி, சணல், கத்திரி மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பார்சல் ஆபீசில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். "புக் ஆன மூட்டையைப் பிரிக்கணுங்கியளே அண்ணாச்சி! பிரிச்சா இன்னைக்கு வண்டில ஏத்த முடியாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

இன்றைய வண்டி என்றால் நான் ஏறவேண்டிய அதே மாலை ரயில்தான். நான் முன்னால் ஒரு பெட்டியிலும் என் பட்டம் பின்னால் ஒரு பெட்டியிலுமாக மெட்ராஸ் போயிருப்போம். அதற்குமேல் அது தனியாகக் கல்கத்தா போயிருக்கும். ஆனால் சரக்கு இனியும் தாமதித்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கல்கத்தா வியாபாரி எழுதியிருந்தது எனக்குத் தெரியும். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"மூட்டை நாளைக்குப் போகட்டுங்க. பையன் இன்னைக்குப் போகோணும்" என்று சாக்கின் தையலை வெட்டினார்.

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். "என்ன, கடைய இங்கயே தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு போர்ட்டர் போனார். சிக்னல் கம்பம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அப்பா ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்.

"இதென்ன மடிப்பு! கழுத்து தூக்கிட்டு நிக்குது. கல்கத்தாக்காரன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்?"

எதைத் தேடுகிறோம் என்பதையே மறந்துவிட்டார். திருப்பி மடிப்பதற்காக அட்டையை உருவினார். அட்டையின் முதுகில் ஒட்டியபடி வந்தது என் பட்டம்.

நான் கையை நீட்டினேன். "இருப்பா" என்று, முதலில் பனியனை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அதைப் பிரித்துக் கொடுத்தார். ரயில் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் சம்மணமிட்டு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மெட்ராசில் பேராசிரியர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்னய்யா வளைவா ஒரு கோடு?"

"பனியன் கழுத்துங்க சார்."

முழுக்கதையையும் கேட்டுச் சிரித்துவிட்டு, துணி மஞ்சளாவதைப் பற்றி அரைமணி நேரம் குடைந்தார். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு" என்றார். வெளியே வந்து குழாயடியில் நின்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

கல்கத்தாக்காரர் சரக்கைத் திருப்பவில்லை. அதன்பிறகு அப்பா ஒவ்வொரு பெட்டியையும் மூடுமுன், "உள்ள டாக்டருங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்ணி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்.

இன்று அந்தக் குரல் இல்லை. கூடத்தில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. அட்டையும் போய்விட்டது என்பது எனக்கு நேற்றுவரை தெரியாது.

மார்ச் 5, புதன்கிழமை. எழுந்ததும், பாலுக்குக்கூடப் போகாமல், போன வருஷத்துக் காலண்டர் அட்டையை வெட்டிப் புதுப் பனியனை அதன்மேல் மடித்தேன். கழுத்து கொஞ்சம் தூக்கி நின்றது. பிரித்து, உள்ளே யாருமில்லை என்று பார்த்துவிட்டு, மறுபடி மடித்தேன்.