உலைக்கும் எனக்கும் ஒரே வியாதி

போன வியாழக்கிழமை கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்று, போனைக் காதில் வைத்தபடி அழுதேன். பார்த்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள். இல்லை... நிம்மதி!

அழைத்தது என் மனைவி சுமதி.

"வார்த்திட்டாங்களப்பா... சூடு சரியா வந்திட்டுது!"

சுமதிக்கு லண்டன் அலுவலகம் ஒன்றில் டேட்டா வேலை. எங்கோ ஓர் உருக்கு ஆலையில் பழைய இரும்பை மின்சார உலையில் உருக்குகிறார்கள். எப்போது வார்க்கலாம் என்று இவள் செய்த கொம்பியூட்டர் மொடல் சொல்ல வேண்டும். சூடு குறைந்தால் உருக்கு வழியிலேயே உறைந்துவிடும். கூடினால் கரண்ட் வீண். முதல் சோதனையில் மொடல் 'சரி' என்றது. அளந்து பார்த்தால்... சூடு போதாது! வியாழனன்று இரண்டாவது சோதனை. அதிலும் தவறினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அவள் வேலையும் போய்விடும். வீட்டில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்திய ஞாயிறு காலை. என்னை வீட்டிலேயே பிரஷர் பார்த்து அனுப்பும்படி டொக்டர் சொல்லியிருந்தார். முதலில் வந்த எண் பயங்கரம். அதை விட்டுவிட்டேன். சற்றுச் சாய்ந்திருந்து, மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ம்ஹும். இன்னொரு தடவை — அழகான எண்! அதை மட்டும் அனுப்பினேன். நீங்கள் மட்டும் என்ன செய்வீர்களாம்?

"முதல் வந்ததுகளை ஏன் அனுப்பேல்லை?" பின்னால் சுமதி.

"அதுகள் சரியில்லையப்பா. படியேறி வந்த உடன எடுத்தது."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஐயோ, அங்கயும் இதைத்தான் செய்யினம் போல!" என்று லப்டொப்பிடம் ஓடினாள்.

அதேதான்! சூடு குறைந்திருந்தால் ஆலைக்காரர் இன்னும் கொஞ்சம் காய்ச்சி, திரும்ப அளந்து, கடைசியாக வந்த நல்ல எண்ணை மட்டும் பதிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது போதும். அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் மொடல் படித்தது. பாவம்... சூடு குறைந்த உலையை அது கண்டதே இல்லை! அளக்கும் கருவியில் தங்கியிருந்த எல்லா எண்களையும் கேட்டு வாங்கி மொடலுக்குக் கொடுத்தாள். வியாழனன்று அது முதல்முறையாக 'பொறு' என்றது. பொறுத்து வார்த்தார்கள்.

நாமெல்லாம் இப்படித்தானே? ஊரிலிருந்து போன் வந்தால் நைட் ஷிப்டையும் முதுகுவலியையும் பற்றியா பேசுகிறோம்? 'நல்லா இருக்கிறம்' — அவ்வளவுதான்.

வியாழன் மாலை வீட்டில் தேநீர் குடிக்கும்போது சுமதி கேட்டாள்.

"வேலை போயிருந்தா என்னப்பா செய்திருப்பம்?"

"சமாளிச்சிருப்பம்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லையப்பா... நான் சரியாப் பயந்து போனன்."

"நானும்தான்" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் மறைக்காமல் கொடுத்த முதல் ரீடிங் அதுதான்!