மாப்பிள்ளை விசாரிக்கத் திருவள்ளூர் போனோம்

என் தங்கைக்குத் திருவள்ளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஒரு மருந்து கம்பெனியில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் மகனும் சொந்த வீட்டில் இருந்தார்கள். தரகர் அனுப்பிய ஜாதகமும் போட்டோவும் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டன. தங்கைக்கு மட்டும் இரண்டு சந்தேகங்கள் இருந்தன.

"ஊடு பெருசா சின்னதான்னு எனக்குத் தெரிய வேணாம். குடிப்பாரா, கோவம் வந்தா கை நீட்டுவாரா, இந்த ரெண்ட மட்டும் கேட்டுக்கினு வாண்ணா" என்றாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எதைக் கேட்டாலும் உண்டு, இல்லை என்று ஒரு வரியில் பதில் வர வேண்டும் அவளுக்கு.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இடது பக்கத்தில் ஒடிசாக்காரர்கள் நான்கு பேர். வலது பக்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குகிற ஒருவர். எதிர் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாகத் தலையாட்டுகிறேன், பெயர் தெரியாது. இதை நாகரிகம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். திருவள்ளூர் அப்படியில்லை, ஒட்டிப் பழகுகிற ஊர், கேட்டதற்கு மேலேயே சொல்வார்கள் என்று என் கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள். அந்த ஊரின் தலபுராணமே விருந்தோம்பலில்தான் தொடங்குகிறது. கிழவர் வேடத்தில் வந்த பெருமாள், அங்கே தவமிருந்த முனிவர் தனக்கென்று வைத்திருந்த சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, "எவ்வுள்?", எங்கே படுப்பது, என்று கேட்டாராம். முனிவர் தன் இடத்தையே காட்டினாராம். படுத்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது கஷ்டமாகவா இருக்கும் என்று நினைத்தேன்.

துணைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் நெல் வைத்திருக்கிறார். சொந்தத்தில் பல கல்யாணங்களை முடித்துவைத்தவர், இரண்டைக் கலைத்தவர். முடித்ததைவிடக் கலைத்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பைக்கிலும் அவர் பஸ்ஸிலுமாகப் போய்த் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டோம். எங்களிடம் தெருவின் பெயர் மட்டும்தான் இருந்தது.

"நேரா கேட்டா உஷாராயிடுவாங்க நைனா" என்றார் மாமா. "வாடகைக்கு ஊடு தேடுறா மாதிரி போவோம். பேச்சுவாக்குல விஷயம் தானா வந்து உழும்."

முதலில் தெருவுக்கு வழி கேட்டோம். பூக்கடைக்காரர் கிழக்கே கை காட்டினார். ஆட்டோக்காரர் மேற்கே காட்டினார். இரண்டு பேருமே துளியும் தயங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெரியவர், "வாங்க, நானே காட்டுறேன்" என்று கூடவே நடந்து வந்தார். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் தன் மருமகனின் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார். பத்து நிமிடம் நடந்த பிறகு நின்று, தானும் ஊருக்குப் புதிது, மகள் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு விடைபெற்றார். எங்கள் ஊரில் என்றால் "தெரியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். அந்த வார்த்தையைத் திருவள்ளூரில் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள் என்று புரிந்தது.

ஒருவழியாகத் தெருமுனை டீக்கடையைப் பிடித்தோம். மாமா டீயை ஊதியபடி, பக்கத்தில் வாடகைக்கு வீடு ஏதாவது கிடைக்குமா என்று சாதாரணமாகக் கேட்டார். அதுதான் அன்று நாங்கள் எங்கள் விருப்பப்படி பேசிய கடைசி வாக்கியம். டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு வந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்து வைத்தார். பால் வாங்க வந்த ஒரு பெண்மணி பாத்திரத்தோடு நின்றுவிட்டார். எங்களுக்கு எப்படிப்பட்ட வீடு தேவை என்பதில் அவர்களுக்குள் மூன்று கருத்துகள் வந்தன. எங்களை யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் ஏற்கெனவே யாருக்கோ போன் போட்டுவிட்டார்.

மாமா விடாமல் பேச்சைத் திருப்பப் பார்த்தார். இந்தத் தெருவில் ஆட்கள் எல்லாம் எப்படி, குடி, சண்டை ஏதாவது உண்டா என்று கேட்டார். "தங்கமான ஆளுங்க சார்" என்றார் மாஸ்டர். சற்றுத் தள்ளி ஒரு ஆள் காலை ஒன்பது மணிக்கே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். "அவரும் தங்கமான ஆளுதான்" என்றார் மாஸ்டர்.

மாஸ்டரே கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எங்களைப் பின்பக்கச் சந்து வழியாக ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். வெளியே படிக்கட்டு வைத்த மாடிப் போர்ஷன். கீழே இருந்த அம்மா சாவியோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாடியைக் காட்டிவிட்டு, "கீய வந்து உக்காருங்க, நாஷ்டா துன்னுட்டுப் போவலாம்" என்றார். கூடத்துக்குள் கால் வைத்தோம். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது நாங்கள் விசாரிக்க வந்த பையனின் போட்டோ.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். திரும்பிப் போகலாம் என்றால் மாஸ்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார்ந்தோம். இட்லியும் கறிக்குழம்பும் வந்தன. பயத்தில் மாமா ஏழு இட்லி சாப்பிட்டார்.

சாப்பாட்டோடு விசாரணையும் நடந்தது. விசாரித்தவர் அந்த அம்மா. சொந்த ஊர் எது என்று கேட்டார். ஆர்.கே.பேட்டை பக்கம் என்றார் மாமா. ஊரில் எந்தத் தெரு என்று அடுத்துக் கேட்டார். நான் ரயிலில், கம்பெனியில், வங்கியில் என்று எத்தனையோ இடங்களில் இந்த இரண்டாவது கேள்வியைச் சந்தித்திருக்கிறேன். அதற்குள்ளே ஒளிந்திருக்கும் மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இவ்வளவு பிரியமாக, குழம்பு ஊற்றிக்கொண்டே யாரும் கேட்டதும் இல்லை. மாமா தெருவைச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. நம்மவர்கள்தான் என்று முடிவாகிவிட்டது. மாமாவுக்கு இன்னொரு இட்லி விழுந்தது. அந்த இட்லி எனக்கு விழுந்திருந்தால் இறங்கியிருக்காது.

பிறகு நிபந்தனைகள். தண்ணீர் காலையில்தான் வரும். மாடியில் துணி காயப்போடலாம், மிளகாய் காயப்போடக் கூடாது. முக்கியமாக, விருந்தாளிகள் அடிக்கடி வரக் கூடாது. விருந்தாளியைப் படுக்க வைத்துப் பெயர் வாங்கிய ஊரில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவரே மகனைப் பற்றி ஆரம்பித்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம். பெண் நன்றாகத்தான் இருக்கிறாளாம். ஆனால் குடும்பத்தைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லையாம்.

"எங்க தம்பிய அனுப்பி விசாரிச்சேன். நாலு ஊட்டு கதவ தட்டியிருக்கான். ஒருத்தன் இந்தில பேசறான். ஒருத்தன், தூங்கறவன எழுப்பிட்டியேன்னு சண்டைக்கு வந்துட்டான். அந்தக் குடும்பத்தப் பத்தி ஒரு ஆளுக்கும் ஒண்ணும் தெரியல. அப்டின்னா அது ரொம்ப நல்ல குடும்பமா இருக்கணும், இல்ல ரொம்ப பேஜாரு புடிச்ச குடும்பமா இருக்கணும். நீ இன்னா நினைக்கிறே தம்பி?"

நல்ல குடும்பமாகத்தான் இருக்கும் என்றேன். போன மாதம் ஒரு பகலில் பக்கத்து வீட்டுக்காரர் யாரையோ கத்தி விரட்டியது எனக்குக் கேட்டது. யார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் பையன் வந்தான். கையில் மீன் பை. எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனான். மாமா எழுந்தார், நானும் எழுந்தேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றோம். அம்மா விடவில்லை. என் நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி மகனைக் கூப்பிட்டார். நான் காலையிலிருந்து சரளமாகப் பொய் சொன்னவன்தான், ஆனால் அவசரத்துக்குப் பத்து இலக்கத்தில் ஒரு பொய் நம்பர் வாய்க்கு வரவில்லை. என் நம்பரையே சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக அழுத்தினான். ஏழெட்டு எண்ணுக்குள் அவன் விரல் நின்றது. திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தங்கையைப் பற்றித் தரகர் அவர்களுக்குக் கொடுத்த விவரத்தாளில் இருந்தது என் நம்பர்தான்.

"ஏத்திக்கினியாடா?" என்று அம்மா கேட்டார்.

"ஏத்திட்டேம்மா" என்றான்.

பைக் வரைக்கும் கூட வந்தான். மாஸ்டர் கடைக்குத் திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, "உங்க நம்பர் எங்கிட்ட ஏற்கெனவே இருக்குதுண்ணா" என்றான். மாமா குனிந்து பைக் டயரை வெகு கவனமாகப் பரிசோதிக்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது என்று தங்கையின் இரண்டு கேள்விகளையும் அவனிடமே கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. சற்று யோசித்தான். "கம்பெனி டூர் போனா பீர் குடிப்பேன். வருஷத்துக்கு ஒருவாட்டி, ரெண்டுவாட்டி. கை நீட்டனது இல்ல. கோவம் வந்தா பேசமாட்டேன். நாலு நாள் கூட பேசாம இருந்திருக்கேன். அதுவும் தப்புதான்னு அம்மா சொல்லுவாங்க" என்றான்.

காலையிலிருந்து அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில் அது. அதைச் சொன்னவன் அந்தத் தெருவிலேயே கொஞ்சமாகப் பேசுகிறவன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இட்லிக் கணக்கை மட்டும் மாமாவின் கௌரவம் கருதி விட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நாலு நாள் பேசமாட்டாருன்றத அவரே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் அவளே அவனுக்குப் போன் செய்தாள். மொட்டை மாடியில் வெகுநேரம் பேசிவிட்டு இறங்கி வந்து, "சரின்னு சொல்லிடுண்ணா" என்றாள். நாலு நாளை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ள அவன் ஒப்புக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, முறைப்படி பழம், பூவோடு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். அந்த அம்மா வாசலில் நின்று, "வாங்க, வாங்க. வழி தெரிஞ்சிதா?" என்று வரவேற்றார். என் அம்மாவுக்கும் மனைவிக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினார். மாமா கூடவே போய், பார்த்த சுவர்களையே மறுபடியும் பார்த்து வியந்தார். சமையலறை எந்தத் திசை என்றுகூடக் கேட்டார். அந்த அம்மாவும் முகம் மாறாமல் திசை சொன்னார்.

எனக்குக் காபி கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "மாடிய வேற ஆளுக்கு உட்டுட்டேன் தம்பி. அஞ்சு நாள் உன் போனுக்குப் பாத்துக்கினு இருந்தேன். ஆறாவது நாளுதான் இந்தப் பாவி உண்மைய சொன்னான்."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"உடு. நானும்தான் ஆள் அனுப்பினேன்" என்றார். பிறகு, "ஆனா எங்க தம்பிக்கு உங்க ஊர்ல ஒரு டம்ளர் தண்ணி கூட யாரும் தரல" என்றார். காபியைக் குடித்தேன்.

ஆவணியில் திருப்பாச்சூர் கோவிலில் கல்யாணம் நடந்தது. தங்கை இப்போது அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். மாமியாரும் மருமகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு சண்டை வந்தது. சத்தம் கேட்டதும் டீ மாஸ்டர், பால் வாங்குகிற பெண்மணி, பேப்பர் படிக்கிறவர் என்று தெருவே சமாதானம் செய்ய வந்துவிடுகிறதாம். எல்லாருக்கும் காபி போட்டு, ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, வழியனுப்பி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறதாம். அதற்குப் பயந்தே இரண்டு பேரும் சண்டையைக் குறைத்துக்கொண்டதாகத் தங்கை சொன்னாள்.