எட்டுச் செலவன்று பேசிய விலை

இதை நம்புங்கள் என்று நான் எவரையும் கெஞ்சப்போவதில்லை. முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். 'கண்டேன்' என்று எழுதும் இடத்தில் கண்டேன். 'கேட்டேன்' என்று எழுதும் இடத்தில் கேட்டேன். 'போல இருந்தது' என்னும் நழுவல் தொடரை இதில் ஓரிடத்திலும் காணமாட்டீர்கள். நடந்தது சென்ற கார்த்திகை மாதம், சுவிற்சர்லாந்தின் கூர் நகரில், ஒரு நான்காம் மாடி வீட்டில். அப்போது என்னுடன் இருவர் இருந்தனர். ஒருவர் இன்றும் இதை மறுக்கவில்லை. மற்றவருக்கு ஒப்புக்கொள்ளத் துணிவில்லை.

யோகலிங்கம் என் பழைய மாணவன். அகதியாக வந்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உழைத்து, இந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்றான். பின்னர் நம்மவருள் மிகச் சிலரே செய்வதைச் செய்தான். வேட்டைக்காரருக்கான தேர்வை ஜெர்மன் மொழியில் எழுதித் தேறினான். மலைக்கிராமத்து முதியவர் ஒருவரிடமிருந்து பழைய அமெரிக்கத் துவக்கு ஒன்றை வாங்கினான். அதன் குழலுக்குக் கீழே ஒரு மரப்பிடி உண்டு. பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். பம்ப் துவக்கு என்பார்கள். செய்து நூறாண்டுக்கு மேலாகிறது. அதை அவன் துடைத்த துணியைக்கூட வேறு எதற்கும் பயன்படுத்த விடமாட்டான் என்று அவன் மனைவி கமலாவதி சொல்வாள்.

அவன் இதயம் நின்று இறந்தான். மருத்துவமனையில் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான். தன் சாம்பலை முப்பத்தோராம் நாளுக்குள் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்கவேண்டும். கமலாவதியின் சேமிப்பு முழுவதும் ஈமச்செலவில் தீர்ந்துபோயிற்று. விமானச்சீட்டுக்கு விற்கத்தக்கதாக அந்த வீட்டில் எஞ்சியிருந்தது அத்துவக்கு மட்டுமே.

அவளிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அந்தக் கடவுச்சீட்டுள்ளவர் இங்கே துவக்கு வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. இது ஜெகதீஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். அவன் யோகலிங்கத்தின் கூட்டாளி. உணவகமொன்றில் சமையற்காரன். இந்நாட்டுக் குடிமகன். பழைய துவக்குகளை மலிவாக வாங்கி விலைக்கு விற்பது அவனுடைய பக்கத்தொழில். சடலம் எரிந்த மறுநாளே தொலைபேசியில் அவளை அழைத்தான். பத்து நாள்களுக்குள் பொலிஸ் வந்து துவக்கைப் பறித்துவிடும் என்றான். பழகிய தோசத்துக்காக இருநூறு பிராங்க் தருகிறேன் என்றான்.

இருநூறு! கைம்பெண்ணின் அறியாமையைத் தராசில் வைத்து நிறுத்திருக்கிறான். கமலாவதி இதை என்னிடம் சொன்ன அன்றே, துவக்குப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்து விசாரித்தேன். குழல் வெட்டப்படாமல் எழுபத்தாறு சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். குழலில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாயிருக்கவேண்டும். கருநீலப் பூச்சு தேய்ந்திருக்கலாம், ஆனால் புதிதாகப் பூசியிருக்கக்கூடாது. பின்கட்டையில் வெடிப்பு ஆகாது. இவை சரியானால் ஆயிரத்திருநூறு பிராங்க் நியாயமான விலை என்றார். வாரிசுகளுக்குச் சட்டம் கொடுக்கும் தவணை ஆறு மாதம் என்பதையும் சொன்னார்.

அளவுநாடாவையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் பையில் வைத்துக்கொண்டு நான் வசிக்கும் வில் நகரிலிருந்து புகைவண்டி ஏறினேன். அன்று எட்டுச் செலவு.

அறியாதவர்க்குச் சொல்கிறேன். எம்மவர் வழக்கப்படி, இறந்த எட்டாம் நாள் அவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்துப் படைப்போம். மச்சம், மாமிசம், சாராயம் எல்லாம் உண்டு. படைத்தபின் விளக்கை எரியவிட்டு, வீட்டைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். இறந்தவர் வந்து உண்பதற்கு அந்தத் தனிமை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. மலைக்குப் பின்னால் வெயில் ஏற்கெனவே போய்விட்டது. படத்தின் முன் வாழையிலை. சோறு, மீன்குழம்பு, மான் இறைச்சிப் பிரட்டல். ஒரு கிளாஸ் சாராயம். இலைக்கு வலப்பக்கத்தில், மடித்த வெள்ளை வேட்டியின்மேல்... துவக்கு.

"பிள்ளை, விக்கப்போற பொருளைப் படையலிலை வைக்கலாமோ? படைச்சால் அது அவன்ரை ஆகிவிடுமே?"

"அவரின்ரை சாமான்தானே, மாஸ்டர். ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டும்."

அவள் என்னை வெளியே நிற்கச் சொன்னாள். கதவிடுக்கினூடாக அவள் படத்தின் முன் குனிந்து ஏதோ முணுமுணுப்பதைக் கண்டேன். பின்னர் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மாடிப்படியில் இருவரும் நின்றோம்.

நான்கு பத்துக்கு ஜெகதீஸ்வரன் படியேறி வந்தான்.

"என்ன மாஸ்டர், நீங்களும் வந்திட்டியளோ? துவக்குக்கும் இலக்கணம் இருக்கோ?"

"விலைக்கு இருக்கு."

"சரி சரி. கமலாக்கா, கெதியாத் திறவுங்கோ. ஆறு மணிக்கு நான் குசினியிலை நிக்கவேணும்."

"இவர் சாப்பிடுறார், தம்பி. கொஞ்சம் பொறும்."

ஜெகதீஸ்வரன் சிரித்தான். "சாப்பிடட்டும், சாப்பிடட்டும். ஆள் எப்பவும் ஆறுதலாத்தானே சாப்பிடுறவர்."

அப்போது கேட்டது. பூட்டிய கதவுக்கு உட்புறம்.

ச்சக்... ச்சக்.

ஒருமுறை இழுத்து, ஒருமுறை தள்ளும் ஒலி. இரும்பும் மரமும் சேர்ந்து எழுப்பும் ஒலி. ஜெகதீஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை," என்றாள் கமலாவதி. கதவைத் திறந்தாள்.

வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். யன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேட்டியின்மேல் துவக்கும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மரப்பிடி பின்னே இழுபட்டிருந்தது. தோட்டா புகும் வாய் திறந்து கிடந்தது. நான் முன்பு பார்த்தபோது அது மூடியிருந்தது.

"நீங்கள் இழுத்து விட்டனியளோ, அக்கா?"

"எனக்கு அதைத் தொடவே தெரியாது."

அவன் தோள்களைக் குலுக்கிவிட்டுத் துவக்கைத் தூக்கினான். விரலை உள்ளே விட்டுத் தடவினான். என்னையும் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். உள்ளே தோட்டா இல்லை. குழலின் கீழுள்ள குழாயிலும் இல்லை. பிடியை முன்னே தள்ளி மூடினான். பிறகு தொடங்கினான்.

"பாருங்கோ அக்கா, இது வெட்டின குழல். இதுக்கு இருநூறே கூட."

நான் அளவுநாடாவை எடுத்தேன். பிடித்துக்காட்டினேன். எழுபத்தாறு. சற்றும் குறையவில்லை.

"உன்ரை கண்ணுக்கு எழுபத்தாறும் அறுபதும் ஒண்டோ?"

"அளவை விடுங்கோ மாஸ்டர். பூச்சுப் புதுப் பூச்சு. நம்பரும் பொருந்தாது."

இதைச் சொல்லிக்கொண்டே எண்ணைக் காட்டப் பிடியை மீண்டும் இழுத்தான். திறந்த வாய்க்குள் பெருவிரலை வைத்தான். மற்றக் கை பிடியை விட்டு விலகிவிட்டது. நான் கண்டேன். பிடியில் எவருடைய கையும் இல்லை.

ச்சக்!

தானாக மூடியது. அவன் அலறினான். நகத்தினடியில் இரத்தம்.

"பழஞ் சனியன்! வில்லுத் தேஞ்சுபோச்சு. இதுக்கும் ஒரு அம்பது குறைக்கவேணும்!"

பெருவிரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு அவன் இதைச் சொன்னான். வெட்கம் என்பது அவனுக்கு ஒரு துளியும் இல்லை. நான் கண்ணாடியை வைத்து எண்களை வாசித்தேன். உடலில் இருந்ததும் குழலில் இருந்ததும் ஒரே எண். பூச்சு விளிம்புகளில் வெள்ளியாகத் தேய்ந்திருந்தது. அது பழைய பூச்சேதான். பின்கட்டையைத் தடவினேன். வெடிப்பில்லை.

ஆனால் மரம் சூடாக இருந்தது. பிடியைத் தொட்டேன். அதுவும் சூடு. ஒருவர் நெடுநேரம் கையில் வைத்திருந்த சூடு.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் இலையைப் பார்த்தேன். சோறு வைத்தபடியே இருந்தது. சாராயக் கிளாஸ் மட்டும் வெறுமையாக இருந்தது. விளிம்பில் ஈரம்.

"ஆயிரத்திருநூறு," என்றேன். "ஒரு பிராங்கும் குறையாது."

"ஆர் தாறது? பத்து நாளிலை பொலிஸ் வந்து அள்ளேக்கை தருவாங்களோ?"

"பத்து நாளில்லை. ஆறு மாதம். சட்டத்தைக் கேட்டறிஞ்சுதான் வந்தனான். நீ பொய் சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறாய்."

அவன் முகம் கறுத்தது. துவக்கின் அடிக்கட்டையை நிலத்தில் ஊன்றினான். குழலின்மேல் இரு கைகளையும் வைத்துச் சாய்ந்து நின்றான். குழல்வாய் அவனுடைய வலக்காதருகே இருந்தது. விசையோ அவனுடைய முழங்காலுக்குக் கீழே.

விளக்குச் சுடர் அசையாமல் நின்றது.

அவன் கமலாவதியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இதை நான் சொல்லக்கூடாது எண்டு இருந்தனான். ஆஸ்பத்திரியிலை யோகண்ணைதான் என்னட்டைச் சொன்னவர். 'ஜெகன், துவக்கை நீயே எடு. இருநூறு குடுத்தால் காணும்' எண்டு."

கமலாவதி படத்தின் பக்கம் திரும்பினாள்.

ச்சக்...

மரப்பிடி கீழே இறங்கியது. நான் கண்டேன்.

அவனுடைய இரண்டு கைகளும் மேலே இருந்தன.

ச்சக்.

மேலே ஏறியது.

"மாஸ்டர்..." என்றான்.

வெடித்தது.

அந்த ஒலியை எழுத என்னிடம் எழுத்தில்லை.

மருந்துப் புகை மணந்தது.

பின்... அமைதி.

ஜெகதீஸ்வரன் நிலத்தில் இருந்தான். வலக்கன்னம் முழுவதும் கரி. காதிலிருந்து ஒரு கோடாக இரத்தம். துவக்கு நின்ற இடத்திலேயே நின்றது. எவரும் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்றது. பின்னர் மெதுவாகச் சாய்ந்து வேட்டியின்மேல் விழுந்தது.

அவன் எழுந்து ஓடினான். சப்பாத்துகளைப் போடாமலே ஓடினான். கூரை, சுவர், சாளரம் எல்லாவற்றையும் நான் தேடினேன். ஓரிடத்திலும் துளையில்லை. துவக்கைத் திறந்து பார்த்தேன். வெற்றுத் தோட்டாகூட இல்லை.

கீழ்மாடியில் ஒரு சுவிஸ் மூதாட்டி இருக்கிறார். ஞாயிறன்று யாராவது தும்புக்கட்டையால் கூட்டினாலே மேலேறி வந்து கதவைத் தட்டுபவர். நான் இறங்கும்போது அவர் படியில் நின்றார். அந்த மனிதர் ஏன் வெறுங்காலுறையுடன் மழையில் ஓடுகிறார் என்று கேட்டார். வெடியொலியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏதாவது சத்தம் கேட்டதா என்று நானே கேட்டேன்.

"இல்லையே. இன்று மிக அமைதியான மாலை," என்றார்.

ஜெகதீஸ்வரனின் வலக்காது இனிக் கேட்காது என்று மருத்துவர்கள் முடிவுசொல்லிவிட்டார்கள். சமையலறையில் எண்ணெய் வெடித்தது என்று அவன் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைப்பவர்கள், இறந்தவனுடைய வாயில் பொய்யைத் திணித்து அவன் மனைவியிடமே விற்க வந்தவனை என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்லட்டும்.

அடுத்த வாரம் துவக்குப் பழுதுபார்க்கும் முதியவர் நேரில் வந்தார். நானும் மொழிபெயர்ப்புக்காகப் போயிருந்தேன். குழலை அளந்தார். எண்களை ஒப்பிட்டார். ஆயிரத்திருநூறுதான் என்றார். பின்னர் மேசையில் வைத்துத் துவக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். முகத்தைச் சுளித்தார்.

தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்கச் செய்யும் சிறிய ஊசி ஒன்று இருக்குமாம். அது உள்ளே இல்லை. அதில்லாமல் எந்தத் துவக்கும் வெடிக்காது. இது பல மாதங்களாக வெடிக்கமுடியாத துவக்கு என்றார். ஊசி செய்யும் செலவுக்கு ஐம்பதைக் கழித்து ஆயிரத்து நூற்றைம்பது பிராங்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கமலாவதியின் விமானச்சீட்டுக்கு அது போதும்.

அவர் போனபின் ஊசியின் செய்தியை அவளுக்குத் தமிழில் விளக்கினேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும், மாஸ்டர். வீட்டிலை துவக்கு இருக்கேக்கை ஆபத்து எண்டு இவர் அந்த ஊசியைக் கழட்டிச் சேட்டுப் பொக்கற்றிலை வைச்சிருப்பார். பெட்டி மூட முந்தி, அதை அவரின்ரை பொக்கற்றுக்குள்ளை நான்தான் வைச்சுவிட்டனான். அவரோடை சேந்து எரிஞ்சுபோச்சு."

தேநீரை என் முன் வைத்தாள்.

"அண்டைக்குப் படைக்கேக்கை அதைத்தான் சொல்லிக் கூப்பிட்டனான். 'ஊசி உங்களிட்டை இருக்கு. துவக்கு இஞ்சை இருக்கு. ஜெகன் இண்டைக்கு வாறான். வந்து நீங்களே அவனோடை விலையைக் கதையுங்கோ' எண்டு."